‘நாட்டு நாட்டு’ தவிர ஆர்.ஆர்.ஆர். படத்தின் இசையில் குறிப்பிடத்தக்கது என்ன?

2023-இல் ஆஸ்கர் விருது பெற்ற ‘நாட்டு நாட்டு’ பாடலின் புகழ், அதே படத்தில் எம்.எம்.கீரவாணி (தமிழில் நாம் அறிந்த மரகதமணி) செய்திருக்கும் மற்ற வேலைகளை மறைத்துவிட்டது என்பதே என் கருத்து. முதலில் கேட்க வேண்டியது, சுத்தால அசோக் தேஜா எழுதி, கீரவாணியின் மகன் கால பைரவா பாடிய ‘கொமுரம் பீமுடோ’. சண்டைப் படத்தின் உச்சக் காட்சிகளில் ஒன்றில் முரசுகளும் பித்தளைக் கருவிகளும் முழங்கும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில், நிதானமான, நாட்டார் சாயலுள்ள ஒற்றைக் குரல் ஒலிக்கிறது. மண்டியிட மறுத்துச் சாட்டையடி வாங்கும் படத்தின் நாயகர்களில் ஒருவனான பீம், பணிந்தால் தான் காட்டின் மகனாக இருக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். ஒவ்வொரு அடியும் அந்த மெட்டைத் தடுமாறச் செய்யாமல் அதன் உறுதியைக் கூட்டுகிறது. கூடியிருக்கும் மக்களின் சீற்றம் அந்தக் குரலிலிருந்தே பிறப்பதால், இப்பாடலை நீக்கினால் கதையே நகராது.

‘நாட்டு நாட்டு’ இதற்கு நேர் எதிரானது. ஆறெட்டு (6/8) தாளத்தின் துள்ளலில், நடனத்தையே இரு தரப்புக்கு இடையிலான மோதலாக மாற்றுகிறது. படத்தின் மற்றொரு பாடலான ‘தோஸ்தி’யோ நட்பையும் வரப்போகும் பகையையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது.

69-ஆவது தேசிய திரைப்பட விருதுகளில் பின்னணி இசைக்காகக் கீரவாணியும், ‘கொமுரம் பீமுடோ’வைப் பாடியதற்காகக் கால பைரவாவும் தேர்வானது முற்றிலும் பொருத்தமானது.