சிக்கிள் செல் உள்ள பையனுக்கு என்சைம் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) இருப்பதால் தினமும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை சாப்பிடுகிறான். "ரத்தத்தில் என்சைம் குறைவதால்தான் வலி வருகிறது" என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவர் எஸ்.ஓ.டி. என்சைம் மாத்திரையும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையும் வாங்கித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா? பழைய மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— ஒரு தாய், கூடலூர்

பதில்: இரண்டையும் கொடுக்க வேண்டாம், அம்மா. ஹைட்ராக்சியூரியாவை ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

உங்களுக்குச் சொன்னவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. சிக்கிள் ஹீமோகுளோபின் சாதாரண ஹீமோகுளோபினைவிட எளிதில் சிதைந்து, சூப்பர்ஆக்சைடு என்ற நச்சைக் கூடுதலாக உண்டாக்கும். அதை எஸ்.ஓ.டி. என்சைம் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதுவும் நச்சுதான். கேட்டலேஸ், குளூட்டதயோன் பெராக்சிடேஸ் போன்ற என்சைம்கள் அதைத் தண்ணீராக்கினால்தான் வேலை முடியும். முடியாமல் போனால் சிவப்பணுவின் மேலுறை கெட்டு, அணு விறைத்து உடையும். 120 நாள் வாழ வேண்டிய அணு, இந்த நோயில் 10 முதல் 20 நாளிலேயே அழிந்துவிடுகிறது.

ஆனால் இந்த என்சைம்கள் வேலை செய்வது சிவப்பணுவுக்குள்ளே. வளர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும்போது கொண்டுவந்ததுதான் அதன் கையிருப்பு. என்சைம் என்பது புரதம். மாத்திரையாக விழுங்கினால் பருப்பும் முட்டையும் செரிப்பதுபோல வயிற்றில் செரித்துவிடும், அணுவுக்குள் போய்ச் சேராது. என்சைம் எல்லோருக்கும் குறைகிறது என்பதும் சரியில்லை. சில ஆய்வுகளில் எஸ்.ஓ.டி. குறைவாகவும், சிலவற்றில் கூடுதலாகவும் இருந்திருக்கிறது. அடுத்த படியில் உள்ள என்சைம்கள் ஈடுகொடுக்காவிட்டால், எஸ்.ஓ.டி. கூடுவதே பெராக்சைடு சேர இடம் கொடுக்கும்.

எனக்கு அதிகக் கவலை வைட்டமின் சி பற்றித்தான். ஜி6பிடி என்ற இன்னொரு என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகள் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு இது அதிகம். நச்சிலிருந்து அணுவைக் காக்கும் குளூட்டதயோன் என்ற பொருளைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கத் தேவையான சக்தியைத் தருவது இந்த என்சைம்தான். அது குறைந்தவர்களுக்கு வைட்டமின் சி பெரிய அளவில் போனால், காப்பதற்குப் பதிலாக ரத்த அணுக்களை உடைத்துவிடக்கூடும். அடிக்கடி ரத்தம் ஏற்றி உடலில் இரும்பு சேர்ந்த பிள்ளைக்கும் அது நல்லதல்ல. நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பாட்டோடு தாராளமாகக் கொடுங்கள், அந்த அளவில் பயமில்லை. இரும்புச்சத்து மாத்திரையையும் பரிசோதிக்காமல் தொடங்காதீர்கள்.

மகனுக்கு ஜி6பிடி பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால், உடம்பு நன்றாக இருக்கும் நாளில் செய்துகொள்ளுங்கள். அணுக்கள் உடைந்த உடனேயும் ரத்தம் ஏற்றிய பிறகும் பார்த்தால், குறைபாடு இருந்தாலும் முடிவு சரியாக இருப்பதுபோலக் காட்டலாம். குறைபாடு இருந்தால் மலேரியாவுக்கான பிரைமாகுயின், டாப்சோன் போன்ற மருந்துகளில் எச்சரிக்கை தேவை. அந்துருண்டையும் ஆகாது. நம் மலையில் குளிர் தொடங்கும்போது பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டரை அப்படியே பிள்ளைக்குப் போட்டுவிடுவது வழக்கம். அந்துருண்டையே போடாமல் வையுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் துவைத்து, வெயிலில் காயவைத்த பிறகு போடுங்கள்.

அப்படியானால் இந்த நச்சுகளால் வரும் பாதிப்பைக் குறைக்க என்னதான் செய்வது? அணு வளைவதைக் குறைத்தால் உடைவதும் குறையும், நச்சும் குறையும். அதைத்தான் ஹைட்ராக்சியூரியா செய்கிறது: கருவில் இருந்த வகை ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடிய மருந்து என்பதால், டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். எல்-குளூட்டமின் என்ற பொடி, இந்த நச்சை அணு எதிர்க்கும் திறனைக் கூட்ட வந்தது; அமெரிக்காவில் 2017-இல் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதித்தார்கள். அது வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

மிச்சம் உங்கள் கையில் இருக்கிறது. குளிரில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள். பள்ளிக்கு பிளாஸ்க்கில் வெந்நீர் கொடுத்தனுப்பி, மாலையில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். மழையில் நனைந்தால் உடனே துணி மாற்றுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், உங்கள் ஊரைவிட இரண்டு மடங்குக்கு மேல். காற்றில் ஆக்சிஜனும் குறைவு, குளிரும் அதிகம். டிசம்பர், ஜனவரியில் அங்கே போவதானால் காது மூடும் தொப்பி, காலுறை இல்லாமல் பஸ் ஏறாதீர்கள்.

காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென வெளிறிப்போவது, இடது பக்கம் வயிறு வீங்குவது, கைகால் ஒரு பக்கம் பலவீனமாவது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது என எது தெரிந்தாலும், காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இல் அதை வெளியிட்டார்கள். இது பரம்பரையாக வருவதால், மகனோடு பிறந்த மற்ற பிள்ளைகளையும் பரிசோதித்துவிடுங்கள். அப்பா, அம்மா இருவரும் இந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.