மூச்சு, சேறு, சுண்ணாம்பு: காபன் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காபனைப் பற்றியவை. திருகோணமலைக்காரர் ஆளுக்கொரு பக்கமாக அதைப் பிடித்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது வயல், ஒருவருக்குக் கடல், ஒருவருக்கு வெற்றிலைத் தட்டு. வந்த ஒழுங்கில் இல்லாமல், ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக வசதியாக மாற்றி அடுக்கியிருக்கிறேன்.

“சேர், நாங்கள் மூச்சு விடும்போது காபனீரொட்சைட்டு வருகிறது. அப்படியென்றால் சனத்தொகை கூடக் கூட மூச்சாலேயே பூமி சூடாகுமா?” (சாதாரண தர மாணவி, உப்புவெளி)

சூடாகாது, பிள்ளை. உள்ளே இழுக்கும் காற்றில் 0.04 வீதமாக இருக்கும் காபனீரொட்சைட்டு, வெளியே வரும்போது 4 வீதமளவுக்கு ஏறிவிடும். ஒருவர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கிலோ விடுகிறார். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காபன் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். மத்தியானம் சாப்பிட்ட சோறு போன போகத்து நெல். நெல் அதை எடுத்தது காற்றிலிருந்து. சில மாதங்களுக்கு முன் காற்றில் இருந்ததைத்தான் திரும்பவும் காற்றுக்குக் கொடுக்கிறீர்கள். கைமாற்று மாதிரி: வாங்கினோம், கொடுத்தோம், கணக்கு நேர்.

டீசலும் நிலக்கரியும் அப்படியில்லை. கோடிக்கணக்கான வருடங்கள் நிலத்துக்கடியில் கிடந்த காபன் அது. பாட்டன் புதைத்து வைத்த பெட்டியை உடைத்து ஒரே நாளில் சந்தைக்குக் கொண்டுவருவது போன்றது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இப்படி வருடாவருடம் நாம் விடுவதில் பாதியளவுதான் காற்றில் தங்குகிறது. மீதியைக் கடலும் காடுகளும் மண்ணும் எடுத்துக்கொள்கின்றன. ஒன்று மட்டும்: அந்த நெல்லை உழுத உழவு இயந்திரத்தின் டீசல் கைமாற்றுக் கணக்கில் சேராது. பரீட்சையில் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

“சாடியில் வைத்த வேம்பு ஆளுயரம் வளர்ந்துவிட்டது. மண் குறையவே இல்லை. மரத்தின் பாரம் எங்கிருந்து வருகிறது?” (நகரவாசி)

பழைய, நல்ல கேள்வி. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மொன்ட் என்பவர் சுமார் 90 கிலோ மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 74 கிலோவளவு கூடியது, மண் குறைந்தது 60 கிராமுக்குள். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார், பாவம். காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி காபன், அத்தனையும் இலை வழியாகக் காற்றிலிருந்து வந்தது. உங்கள் வேம்பு கெட்டியான காற்று என்று சொன்னால் பெரிய பிழையில்லை.

“எங்கள் வீட்டுக்குப் பின்னால் கண்டல் நிற்கிற சேறு. வற்றுக் காலத்தில் ஒரே நாற்றம். கிரவல் போட்டு நிரப்பினால் என்ன என்று ஆட்கள் கேட்கிறார்கள். அந்தச் சேற்றால் யாருக்கு என்ன பிரயோசனம்?” (கிண்ணியா)

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் காபனைப் பூட்டி வைக்கும் இடங்களில் உங்கள் வீட்டுப் பின்புறத்தைப் போல் கெட்டிக்கார இடம் வேறு இல்லை.

கண்டலின் இலையும் வேரும் விழுவது கடல்நீர் ஏறி இறங்கும் களிச்சேற்றில். சேற்றில் ஒரு விரற்கடை கீழே போனால் ஒட்சிசன் இல்லை. ஒட்சிசன் இல்லாத இடத்தில் உக்கல் ஆமை வேகம்தான். முற்றத்தில் கூட்டிக் குவித்த மாஞ்சருகு ஒரு மாரியோடு உக்கிக் காபனீரொட்சைட்டாகப் போய்விடும். கண்டல் வேர் அந்தச் சேற்றுக்குள் நூற்றுக்கணக்கான வருடங்கள் கிடக்கும். அதனால்தான் ஒரு ஹெக்டயர் கண்டல் நிலம், அதே பரப்புள்ள மழைக்காட்டைவிட மூன்று நாலு மடங்கு காபனை வைத்திருக்க முடிகிறது. பெரும்பங்கு இருப்பது மரத்தில் அல்ல, சேற்றில்.

நாற்றமும் அதே கதையின் ஒரு பகுதி. அங்கே வாழும் பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்பேற்றை வைத்துப் பிழைக்கின்றன. கழிவாக வருவது ஐதரசன் சல்பைட்டு, அதாவது கூழ்முட்டை மணம். சேறு கறுத்திருப்பது சல்பைட்டு இரும்போடு சேர்வதால்.

நிரப்பினால் மரம் சாகும், புதிதாகச் சேருவது நிற்கும். தோண்டினால் இன்னும் மோசம். இறால் குளத்துக்கென்று கிண்டி வெயிலில் போட்ட சேற்றுக்குள் காற்றுப் போகும். நூற்றாண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது சில வருடங்களில் வெளியேறத் தொடங்கும். அதோடு சல்பைட்டு சல்பூரிக் அமிலமாக மாறும். அந்தக் குளத்தில் பிறகு இறாலும் நிம்மதியாக நிற்காது. வேறெங்காவது கன்று நட்டு ஈடுசெய்யலாம் என்பார்கள். நடுவது நல்லதுதான், படமும் எடுக்கலாம். ஆனால் கன்று மரமாகலாம், அதன் கீழே அந்தச் சேறு சேர நம் பேரப்பிள்ளைகள் காலமும் போதாது. நாற்றம் தாங்காவிட்டால் வீட்டுக் குப்பையும் கழிவுநீரும் அங்கே போகிறதா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் மணத்தில் பாதி அதுதான்.

“நெல் வயலால் பூமி சூடாகிறதாம். பச்சைப் பசேலென்று நிற்கிற பயிர் எப்படி ஐயா கெடுதல் செய்யும்? எல்லாப் பழியும் விவசாயிக்குத்தானா?” (தம்பலகாமம்)

கோபம் நியாயம், தகவலும் உண்மை. மேலே சொன்ன சேற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கட்டிய வயலும் ஒட்சிசன் இல்லாத சேறுதான். ஆனால் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் கடல்நீரைப் போல் சல்பேற்று இல்லை. அதனால் இங்கே வேறொரு கூட்டம் ஆட்சிக்கு வருகிறது: வேரும் வைக்கோலும் உக்கும்போது மெதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள். நெற்பயிரின் தண்டுக்குள், வேருக்குக் காற்றுக் கொண்டுபோக வெற்றுக் குழாய் போன்ற இழையம் இருக்கிறது. மெதேன் மேலே ஏறி வருவதும் அதே குழாய் வழியாகத்தான். பயிர் பாவம், வாசலை மட்டும் திறந்து வைத்திருக்கிறது.

மெதேன் காற்றில் நிற்பது ஏறக்குறைய 12 வருடம், பிறகு காபனீரொட்சைட்டாக மாறிவிடும். ஆனால் நூறு வருடக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை காபனீரொட்சைட்டைவிட 28 மடங்கு சூட்டைப் பிடிக்கும். அதனால் மெதேனைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

செய்யக்கூடியது: எந்நேரமும் தண்ணீர் கட்டாமல், நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கும் வரை விட்டுத் திரும்பப் பாய்ச்சுவது. ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் குழாய் ஒன்றை வயலில் இறக்கினால் மட்டம் தெரியும். பூக்கும் காலத்தில் மட்டும் காயவிட வேண்டாம். மெதேன் பாதியளவுக்குக் குறையலாம், தண்ணீரும் மிச்சம். பெரும்போகத்தில் வானம் ஊற்றும்போது இதைச் செய்யச் சொல்பவருக்கு நம் மாரி தெரியாது. சிறுபோகத்தில், வாய்க்காலில் உங்கள் முறை ஒழுங்காக வந்தால் மட்டும் முயலுங்கள். முறை எப்போது வரும் என்றே தெரியாத விவசாயி வயலைக் காயவிடப் பயப்படுவது அறியாமையால் அல்ல. வைக்கோலைப் பச்சையாக உழுது உடனே தண்ணீர் கட்டுவதை மட்டும் நிறுத்துங்கள், அது அந்த நுண்ணுயிர்களுக்கு விருந்து. எரிக்கவும் வேண்டாம். ஒன்றில் முன்கூட்டியே காய்ந்த மண்ணில் உழுதுவிடுங்கள், இல்லையென்றால் கூட்டெரு போடுங்கள்.

“திமிங்கிலம் காபனைக் கடலுக்கடியில் கொண்டுபோகிறதாம். வெள்ளைக்காரர் கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?” (போட் ஓட்டுபவர், நிலாவெளி)

சொல்லுங்கள், ஆனால் அளவாக. பெரிய வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத பாசிகள். உலகத்து ஒளித்தொகுப்பில் ஏறக்குறைய பாதி அவற்றுடையது. செத்த பாசியிலும் அதைத் தின்ற சிறு கடலுயிர்களின் எச்சத்திலும் ஒரு சிறு பங்கு ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே போன காபன் மேலே வர நூற்றுக்கணக்கான வருடங்களாகும். திமிங்கிலம் ஆழத்தில் இரை தின்று மேலே வந்து கழிப்பதால் பாசிக்கு இரும்புச்சத்து உரம் கிடைக்கிறது. செத்தால் உடலோடு காபனும் மூழ்குகிறது. நம் துறைமுக வாயிலிலிருந்தே ஆழமான கடற்பள்ளத்தாக்கு தொடங்குவதால் இங்கே தூரம் போகவும் தேவையில்லை.

அப்புறம், உங்கள் எஞ்சின் எரிக்கும் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ காபனீரொட்சைட்டாகிறது. ஒரு கிலோகூட இல்லாத எண்ணெய் எப்படி இரண்டரைக் கிலோ என்று அவர்கள் கேட்டால்: மீதி, எரியும்போது காற்றிலிருந்து சேரும் ஒட்சிசன். திமிங்கிலத்தைத் துரத்தாமல் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் அதுவும் மிச்சம்.

“புறாத்தீவு முருகைக்கல்லும் காபனை உறிஞ்சுமா?”

கல்லுக்குள் காபன் இருக்கிறது. ஆனால் கல்சியம் காபனேற்று உருவாகும்போது கொஞ்சம் காபனீரொட்சைட்டு தண்ணீருக்கு வெளியேறுகிறது. ஆகவே அதைக் காபன் உண்டியலாக நினைக்க வேண்டாம். மாறாக, காற்றிலிருந்து கடல் எடுக்கும் காபனீரொட்சைட்டால் நீரின் பிஎச் பெறுமானம் (அமிலத்தன்மை கூடினால் இறங்கும் அளவு) 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது. அந்த நீரில் முருகைக்குக் கல் கட்டுவது கஷ்டமாகிறது.

“வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து வைத்தால் ஏன் தம்பி கட்டியாகிறது?” (ஒரு அம்மம்மா, மூதூர்)

சிப்பியைச் சூளையில் சுடும்போது 100 கிராமில் 44 கிராம் காபனீரொட்சைட்டாகப் போய்விடும், அம்மம்மா. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு. திறந்து வைத்தால் போனதைக் காற்றிலிருந்து பிடித்துத் திரும்பவும் சிப்பியாகப் பார்க்கிறது. பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் வருடக்கணக்காக இறுகுவதும் இப்படித்தான். டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இறுக்க மூடி வையுங்கள், காற்றுப் போகாது.