அரும்பு என்றால் பின்தங்கியவளா?

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ‘அரும்பு’ நிலையில் வைத்திருக்கிறார்கள். இது அவளைப் பின்தள்ளுவது ஆகாதா?
– வாசகி, திருவள்ளூர்

பதில்: ஆகாது, அம்மா. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய இத்திட்டம், வகுப்பை மட்டும் பார்க்காமல், குழந்தை உண்மையில் அடைந்திருக்கும் திறனைப் பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் கற்பிக்கிறது. ‘ப’வையும் ‘ட’வையும் தனித்தனியே சொல்லும் குழந்தை, ‘படம்’ என்று சேர்த்துப் படிக்கத் திணறும்போது, அதைக் கவனிக்காமல் பாடநூலின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதுதான் அவளைப் பின்தள்ளும். நிலையின் பெயர் நெற்றியில் குத்திய முத்திரையாகிவிடக் கூடாதே என்ற கவலை எனக்கும் உண்டு. ஆகவே, எந்த இடத்தில் தடுமாறுகிறாள், மொட்டு நிலைக்குச் செல்ல இன்னும் எது வேண்டும் என்று ஆசிரியரிடமே கேளுங்கள்.