சிங்க் சத்த உடம்பு எப்படி அளவா வச்சிக்குது?

சிங்க்ங்கிறது கொஞ்சமா, ஆனா தினமும் தேவைப்படுற ஒரு தாதுச்சத்து. பெரிய ஆளு உடம்புல மொத்தமே 2, 3 கிராம்தான் இருக்கும். புண் ஆற, புள்ளைங்க வளர, நோய எதிர்க்க, நாக்குக்கு ருசி தெரியன்னு எல்லாத்துக்கும் இது வேணும்.

இரும்புச்சத்த சேத்து வைக்கிற மாதிரி இத உடம்பு தனியா சேத்து வைக்காது, தேயிலைத் தோட்டத்துல அன்னன்னைக்கு வேலைக்கு பேர் போட்டாதான் சம்பளங்கிற மாதிரி, ஈபிஎஃப் மாதிரி சேமிப்புக் கணக்கெல்லாம் இதுக்கு கிடையாது. அளவ பாத்துக்கிறது முக்கியமா சிறுகுடல்தான், சாப்பாட்டுல கொறஞ்சா அதிகமா உறிஞ்சி வெளிய போறதயும் கொறைச்சிடும், கூடிப்போனா குடல் செல்லுல ஒரு புரதம் அத புடிச்சி வச்சிக்கும், செல் உதிரும்போது அதோடயே மலத்துல போயிடும். அந்தப் புரதம் செம்பையும் சேத்து புடிச்சிக்கும், அதனால சிங்க் மாத்திரைய இஷ்டத்துக்கு மாசக்கணக்குல போட்டா செம்பு கொறஞ்சி இரத்தசோகை கூட வரலாம்.

காலையில கோதுமை மா ரொட்டியும் சம்பலும், ராத்திரியும் அதேன்னா சிங்க் கம்மிதான். முட்டை, நெத்தலி, இறைச்சி முடிஞ்ச அளவு சேத்துக்கங்க. கொண்டைக்கடலையில சிங்க் இருக்கு, ஆனா அதுல உள்ள பைட்டேட்டுங்கிற பொருள் அத சரியா உறிஞ்ச விடாது, ராத்திரி ஊறப்போட்டு தண்ணிய கொட்டிட்டு அவிச்சா அந்த பைட்டேட் கொஞ்சம் கொறையும்.

நகத்துல வெள்ளைப் புள்ளி வந்தா சிங்க் கொறைவுன்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் அது நகம் எங்கயோ அடிபட்ட தடம்தான்.