மெஷின் நிற்கிறது, வெறுப்பு யாருக்கு?

கேள்வி: ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன் ஐயா. ரிப்பேர் பார்த்த மெஷின் ஒரே வாரத்தில் 3 முறை நின்றுவிட்டது. சூப்பர்வைசருக்கு ‘ஐ ஆம் ஃப்ரஸ்ட்ரேட்டிங்’ என்று மெயில் எழுதினேன். எல்லார் முன்னாலும் படித்துச் சிரித்தார். என்ன தப்பு?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அவர் சிரித்ததுதான் பெரிய தப்பு அம்மா. பென்னாகரம் பக்கம் 30 வருடம் ஆங்கிலம் நடத்தியவன் நான். இந்தச் சொல்லில் தடுமாறாத பிள்ளைகள் குறைவு.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். வருந்துவது ஒருவர், வருத்துவது இன்னொன்று. ஃப்ரஸ்ட்ரேட் என்பது ‘வருத்து’ இனம். வருத்துவது மெஷின், ஆகவே ‘தி மெஷின் ஃப்ரஸ்ட்ரேட்ஸ் மீ’. உங்கள் மனநிலையைச் சொல்ல ‘ஐ ஆம் ஃப்ரஸ்ட்ரேட்டட்’. நீங்கள் எழுதியது ‘மற்றவர்களை வெறுப்பேற்றுகிற ஆள் நான்’ என்று ஆகிவிட்டது. அதே ‘டிங்’ மெஷினுக்குச் சரி: ‘திஸ் மெஷின் இஸ் ஃப்ரஸ்ட்ரேட்டிங்’.

அப்புறம், ‘அவர் மேல் கோபம்’ என்று பேசிப் பழகியதால் பலர் ‘ஃப்ரஸ்ட்ரேட்டட் ஆன்’ என்று எழுதுகிறார்கள். ‘வித்’ போடுங்கள். ‘பை’, ‘அட்’ கூட வரும்.

பொருளையும் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘ஃப்ருஸ்ட்ரா’ என்றால் ‘வீணாக’. அதிலிருந்து வந்த சொல் இது. என் தம்பி ராயக்கோட்டையில் தக்காளி போடுகிறான். நாற்று நட்டு, கம்பு ஊன்றிக் கட்டி, மருந்தடித்து, ராத்திரியில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தான். காய்ப்பும் நல்ல காய்ப்பு. ஆனால் விலை பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை. பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான். யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியாத அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பாடுபட்டதெல்லாம் கைக்கு வராமல் போகிற அந்த வலிக்குத்தான் இந்தச் சொல். அதனால்தான் திட்டம், முயற்சி இவற்றோடும் சேர்கிறது: ‘தி ரெயின் ஃப்ரஸ்ட்ரேட்டட் அவர் பிளான்ஸ்’, அதாவது மழை நம் திட்டத்தைக் கெடுத்துவிட்டது. பஸ் ஒரு நாள் 10 நிமிடம் லேட்டானால் வருவது வெறும் எரிச்சல், அதற்கு ‘அனாய்’ என்ற சொல் போதும்.

ரிப்பேர் பார்த்தும் பார்த்தும் மெஷின் நின்றிருக்கிறது. ஆகவே நீங்கள் எடுத்தது சரியான சொல்தான், அதன் வால் மட்டும்தான் மாறிப்போனது. இப்படி எழுதி மறுபடி அனுப்புங்கள்: ‘ஐ ஆம் ஃப்ரஸ்ட்ரேட்டட் வித் திஸ் மெஷின். இட் ஸ்டாப்டு த்ரீ டைம்ஸ் திஸ் வீக்.’