லேன் ஸ்டேலிக்கு அப்புறம் பாடகரா வில்லியம் டூவால் வந்ததாலதான் அமெரிக்க ராக் பேண்ட் ஆலிஸ் இன் செயின்ஸோட சவுண்டு மாறிச்சா?

இல்லங்க, டூவால் மேல பழி போடாதீங்க. 2009ல வந்த 'பிளாக் கிவ்ஸ் வே டு ப்ளூ' ஆல்பத்துல பெரும்பாலும் லீட் (முக்கியக் குரல்) பாடுறதே பேண்டோட கிட்டாரிஸ்ட் ஜெர்ரி கான்ட்ரெல்தான், முன்னாடி லேன் ஸ்டேலியோட சேர்ந்து ஹார்மனி (இணைகுரல்) பாடுன அதே குரல் இப்ப முன்னாடி வந்து நிக்குது, டூவால் அதிகமா பக்கத்துல சேர்ந்து பாடுறாரு, அதான் உங்களுக்கு 'வேற பேண்ட்' மாதிரி தோணுது.

ஒண்ணு செஞ்சு பாருங்க: அவங்க 1995 ஆல்பத்துல 'கிரைண்ட்' பாட்டப் போடுங்க, லேன் இருந்தப்பவே அதுல லீட் கான்ட்ரெல்தான். கையோட 2009 ஆல்பத்த ஓடவிடுங்க. எனக்கென்னவோ ஒட்டிக்கிட்டே வருது. 1992ல வந்த 'டர்ட்' ஆல்பத்து கூட வச்சுப் பாத்தாதான் தூரம் தெரியும்.

ஆனா எல்லாமே குரல் இல்ல, புரடியூசரும் வேற, டர்ட்டுக்கு டேவ் ஜெர்டன், 2009ல நிக் ரஸ்குலினெக்ஸ். அப்புறம் ரீமாஸ்டர் வெர்ஷன (பழைய பதிவோட ஒலிய மறுபடி சீர்பண்ணி விடுறது) கேட்டுட்டு சண்டைக்கு வராதீங்க.