சோஷியல் இன்னோவேஷன் பேப்பரை எப்படி படிக்கிறது? டெஃபனிஷனை ஓரமா வெச்சுட்டு ஒரு கேஸைப் பிடிங்க

கேள்வி: மேடம், சோஷியல் வொர்க் முதுகலை முதல் வருஷம் படிக்கிறேன். இந்த செமஸ்டர்ல சமூகப் புத்தாக்கத்தோட சமூகவியல்னு ஒரு பேப்பர். ஆளாளுக்கு ஒரு டெஃபனிஷன் குடுத்திருக்காங்க, மிச்சமெல்லாம் சாதனையாளர் கதையா இருக்கு. இதை எப்படி படிக்கிறது, டெர்ம் பேப்பருக்கு என்ன டாபிக் எடுக்கிறது, ஃபீல்டு வொர்க்ல இது எனக்கு எதுக்கு ஆகும், கொஞ்சம் சொல்லுங்களேன்.

பதில்: டெஃபனிஷனுக்கெல்லாம் மண்டைய உடைச்சுக்காதீங்க. ஒரு சமூகப் பிரச்னைய சமாளிக்கப் போயி மனுஷங்க ஒருத்தரோட ஒருத்தர் நடந்துக்கிற முறையோ, யார் முடிவெடுக்கிறதுங்கிறதோ மாறி, அந்த மாற்றம் நிலைச்சும் நின்னா அது சோஷியல் இன்னோவேஷன், பரீட்சைக்கு இவ்ளோ போதும். புதுசா ஒரு ஆப் வந்துருச்சுங்கிறது மட்டும் இதுல சேராது. அந்த ஆப் வந்த பிறகு கிளையன்ட் முன்ன மாதிரியே ஆபீஸ் வாசல்ல நின்னு கெஞ்சிட்டுதான் இருக்காருன்னா ஒண்ணும் மாறலைன்னு அர்த்தம்.

இந்தப் பேப்பர் உங்களுக்கு போரடிக்கிறதுக்குக் காரணம், பாதி பாடம் மேனேஜ்மென்ட் பக்கத்துலேர்ந்து வந்தது. அவங்க கேள்வி, ஐடியா வேலை செய்யுதா, எத்தனை ஊருக்குக் கொண்டுபோகலாம்ங்கிறது. சமூகவியல் கேக்கிறது வேற. இது வந்ததால யார் பேச்சுக்கு மதிப்பு கூடிச்சு, யார் தலையில வேலை ஏறிச்சு, யார் கைய விட்டு அதிகாரம் போச்சு. இந்த மூணையும் மனசுல வெச்சுக்கிட்டு எந்த சாதனைக் கதையைப் படிச்சாலும் அது வேற மாதிரி தெரிய ஆரம்பிக்கும், நம்புங்க.

முதல்ல ஒரு தோல்விக் கதையில ஆரம்பிங்க. பெரு நாட்டுல லாஸ் மோலினோஸ்னு ஒரு கிராமம், சுமார் 200 குடும்பம். தண்ணியைக் கொதிக்க வெச்சு குடிக்கச் சொல்லி ஒரு சுகாதார ஊழியர் ரெண்டு வருஷம் வீடு வீடா ஏறி இறங்கினாங்க. புதுசா மாறினது வெறும் 11 குடும்பம். இதை எட்வர்ட் வெலின் 1955ல ஆய்வா எழுதினார், பின்னாடி, புதுசு எப்படி பரவுதுன்னு ஆராய்ஞ்ச எவரெட் ரோஜர்ஸ் எடுத்துச் சொல்லி ரொம்பப் பிரபலமாச்சு. ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லைன்னு நாம உடனே சொல்லிடுவோம், ஆனா உள்ள போய் பாத்தா கதையே வேற. அந்த ஊர் நம்பிக்கையில எல்லாத்துக்கும் சூடு, குளிர்ச்சின்னு ஒரு கணக்கு உண்டு, கொதிச்ச தண்ணி நோயாளிக்குக் குடுக்கிறது, ஆரோக்கியமா இருக்கிறவங்க அதைக் குடிச்சா ஒரு மாதிரி பாப்பாங்க. விறகும் தேடணும், தண்ணியும் தூக்கிட்டு வரணும், அந்த வேலை பூரா பொம்பளைங்க தலையில. கொதிக்க வெச்சுக் குடிச்சவங்க யாருன்னு பாத்தா, ஒருத்தங்க ஏற்கனவே உடம்பு முடியாதவங்க, அதனால ஊர் கணக்குப்படியே அவங்களுக்கு அது பொருந்திச்சு. இன்னொருத்தங்க வெளியூர்லேர்ந்து வந்து குடியேறினவங்க, ஊர் என்ன சொல்லும்ங்கிற பயம் அவங்களுக்கு ஏற்கனவே விட்டுப்போச்சு. ஊர்ல நாலு பேர் கேட்டு நடக்கிற பேச்சு யாருடையதோ அவங்களை அந்த ஊழியரால வளைக்க முடியலை. கிருமியைப் பத்தி அவங்க சொன்னதுல தப்பே இல்லை, ஆனா அந்தத் தண்ணியைச் சுத்தி இருந்த உறவையும் வேலையையும் மரியாதையையும் கணக்குல எடுக்கலை.

இதுக்கு நேர் எதிரா அமெரிக்காவுல அயோவா மாநிலத்து சோள விவசாயிங்க கதை, 1943ல ரயனும் கிராஸும் எழுதினது. ஹைப்ரிட் விதை பத்தின தகவலை சேல்ஸ்மேன்தான் நிறைய பேருக்குக் கொண்டுவந்தாரு, ஆனா சரி போட்டுப் பாக்கலாம்னு முடிவெடுக்க வெச்சது பக்கத்து வயக்காரர். தகவல் ஒரு வழியா வருது, நம்பிக்கை வேற வழியா வருதுங்கிறது இந்த ரெண்டு கேஸையும் சேத்துப் படிச்சா தானா புரிஞ்சுரும், புதுசு எப்படி ஜனங்ககிட்ட பரவுதுங்கிற டிஃப்யூஷன் தியரிக்கு தனியா நோட்ஸ் எழுதணும்னே இல்லை.

அடுத்தது நம்ம தொழிலுக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கிற கேஸ், ஹவுஸிங் ஃபர்ஸ்ட். 1992ல நியூயார்க்ல சாம் செம்பரிஸ்ங்கிற சைக்காலஜிஸ்ட் ஆரம்பிச்ச அமைப்புலேர்ந்து இது பரவிச்சு. அதுக்கு முன்னாடி நடைமுறை என்னன்னா, தெருவுல இருக்கிற மனநலப் பிரச்னை உள்ளவரு முதல்ல ஷெல்டருக்குப் போகணும், குடியை விடணும், மருந்து ஒழுங்கா சாப்பிடணும், ஒவ்வொரு படியா ஏறி பாஸ் ஆனாதான் கடைசியில வீடு. இவங்க அதைத் தலைகீழா புரட்டினாங்க, முதல்ல வீடு, சிகிச்சை வேணுமா வேணாமான்னு அவரே முடிவு பண்ணட்டும், வருமானத்துல 30 சதவீதம் வாடகைக்குக் குடுத்தா போதும். மத்தவங்க இதை வீட்டுத் திட்டமா பாப்பாங்க. நீங்க பாக்க வேண்டியது சோஷியல் வொர்க்கரோட கதி என்னாச்சுங்கிறது. முன்ன இவர் வீட்டுக்குத் தகுதியானவரான்னு ரிப்போர்ட் எழுதுற அதிகாரம் நம்ம கையில இருந்துச்சு, இப்ப அது இல்லை, வாரா வாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டி உள்ள வரலாமான்னு நாமதான் கேக்கணும். இங்கதான் சமூக உறவே மாறுது. கனடாவுல அஞ்சு நகரத்துல 2009லேர்ந்து 2,000 பேருக்கு மேல வெச்சு இதைச் சோதிச்சும் பாத்தாங்க, வீட்டுல நிலைச்சு இருக்கிறதுல தெளிவான வித்தியாசம் வந்துச்சு, மனநல அறிகுறி, போதைப் பழக்கம் இதுல எல்லாம் வழக்கமான சேவைய விட பெருசா ஒண்ணும் வரலை. இந்த ரெண்டாவது பாதியையும் சேத்து எழுதுங்க, நிறைய பேர் அதை விட்டுர்றாங்க.

மைக்ரோகிரெடிட்டை, அதாவது ஏழைங்களுக்கு ஜாமீன் சொத்து கேக்காம குடுக்கிற சின்னக் கடனை, எல்லாருமே எழுதுவாங்க, எழுதறதுன்னா ஒழுங்கா எழுதுங்க. 1976ல பங்களாதேஷ்ல ஜோப்ரா கிராமத்துல பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் ஆரம்பிச்சாரு, 1983ல கிராமீன் பேங்க், 2006ல நோபல் பரிசு, இதோட நிறுத்தினா அது பொது அறிவு வினா விடை. ஜாமீன் சொத்துக்குப் பதிலா குழுவோட நம்பிக்கைய வெச்சாங்க, சரி, ஆனா ஒருத்தி தவணை கட்டலைன்னா அதே குழு என்ன பண்ணும்? 1996லயே கோட்ஸும் சென் குப்தாவும், பொண்ணுங்க பேர்ல வாங்கின கடன்ல கணிசமான பங்கு வீட்டு ஆம்பளைங்க கட்டுப்பாட்டுலதான் இருக்குன்னு காட்டினாங்க. 2015ல ஆறு நாட்டு ஆய்வு ஒண்ணா வெளியாச்சு, கொஞ்சம் நன்மை உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப் போடலைங்கிற மாதிரி முடிவு. இதையெல்லாம் படிச்சுட்டு மைக்ரோகிரெடிட் மோசடின்னு எழுதிராதீங்க, அதுவும் அவசர முடிவுதான். உறவுங்கிறது கடனுக்கு ஈடா ஆகும்போது அந்த உறவுக்குள்ள என்ன நடக்குதுன்னு எழுதுங்க, அந்தக் கேள்வியிலயே பேப்பருக்குத் தேவையான அளவு விஷயம் இருக்கு.

தியரி எவ்ளோ படிக்கணும்? நாலு பேர் போதும்னு நான் சொல்வேன், உங்க பேராசிரியர் ஒத்துக்காம போகலாம். மெர்ட்டன் 1936ல எழுதின எதிர்பாராத விளைவு கட்டுரை, சின்னது, ஒரே மூச்சுல படிக்கலாம். கிரானோவெட்டர் 1973, லேசான பழக்கம் வழியாத்தான் புது தகவல் நிறைய வருதுங்கிறது. பூர்தியூகிட்ட ஃபீல்டு (ஆளுங்க இடத்துக்குப் போட்டி போடுற களம்), கேபிடல் (பணம் மட்டுமில்ல, படிப்பு, பழக்கம், மரியாதையும் சேந்த மூலதனம்) ரெண்டு மட்டும் பிடிச்சுக்குங்க. அப்புறம் டிமாஜியோ, பவல் 1983, இது சோஷியல் வொர்க்காரங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கும். வேற வேறயா ஆரம்பிச்ச அமைப்பெல்லாம் கடைசியில ஏன் ஒரே அச்சுல வார்த்த மாதிரி ஆயிடுதுன்னு கேக்கிறாங்க. ஃபண்டிங் குடுக்கிறவரும் அரசும் கட்டாயப்படுத்துறது ஒண்ணு, என்ன பண்றதுன்னு தெரியாம பெரிய அமைப்பைப் பாத்து காப்பி அடிக்கிறது ஒண்ணு, எல்லாரும் ஒரே படிப்பு படிச்சுட்டு வர்றதால ஒரே மாதிரி யோசிக்கிறது ஒண்ணு. உங்க ஃபீல்டு ஏஜென்சியோட ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்க, பக்கத்து ஏஜென்சி அறிக்கையையும் வெச்சுப் பாருங்க, பேரை மறைச்சா எது யாருதுன்னே தெரியாது.

டெர்ம் பேப்பர் டாபிக்குக்கு வருவோம். ஜெயிச்ச திட்டத்தை எடுக்காதீங்க, பாதியில நின்னது, இல்ல எதுக்கோ ஆரம்பிச்சு வேற எதுவாவோ மாறினது, அந்த மாதிரி எடுங்க, எழுத விஷயம் நிறைய கிடைக்கும். ஒரே திட்டம், ஒரே இடம், அதுக்கு மேல போகாதீங்க. அமைப்பு தன்னைப் பத்தி எழுதினது ஒண்ணு, வெளியாள் பண்ணின மதிப்பீடு ஒண்ணு, அங்க போய்த் தங்கி கூடவே இருந்து பாத்து யாராவது எழுதின எத்னோகிராஃபி ஒண்ணு, மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க, மூணும் எங்க முட்டிக்குதோ அங்கதான் உங்க பேப்பர் இருக்கு.

ஃபீல்டு வொர்க்ல இது எப்படி உதவும்னு கேட்டீங்க. ஏன் இந்தச் சேவைய யூஸ் பண்ணலைன்னு கிளையன்ட்கிட்ட நேரா கேக்காதீங்க, உங்களைச் சமாதானப்படுத்துற மாதிரி ஒரு பதில்தான் வரும். நேத்து காலையிலேர்ந்து என்னென்ன பண்ணீங்க, யார் கூட பேசினீங்க, இங்க வரணும்னா எந்த வேலைய யார்ட்ட விட்டுட்டு வரணும்னு கேளுங்க. ஃபார்ம்ல இருக்கிற கட்டத்தைத் தாண்டி ஓரத்துல கிறுக்கி வெச்சிருக்கிறது, ஊழியர்கள் தங்களுக்குள்ள கண்டுபிடிச்ச குறுக்கு வழி, இதையெல்லாம் அன்னன்னைக்கே எழுதி வைங்க. புது நடைமுறை பெரும்பாலும் அங்கதான் முளைக்குது, மேலேர்ந்து வர்ற சர்க்குலர்ல இல்லை. ஆனா அந்தக் குறுக்கு வழிய அப்படியே பேப்பர்ல போட்டு யார் வேலைக்கும் உலை வெச்சுராதீங்க, ஏஜென்சி பேரு, ஆள் பேரு எல்லாத்தையும் மாத்துங்க, அனுமதிய எழுத்துல வாங்குங்க, சூப்பர்வைசர் ஒரு தடவை பாத்த பிறகு சப்மிட் பண்ணுங்க.